நீள்கடல் பயணத்தில் தனி ஆள்: முதல் நான்கு நாட்கள்

பாம்பனில் பிறந்தவள் நான். வீட்டுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் குமுறும்போது வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை பிறந்தால் அப்படியே மாறிவிடும். எந்தக் கடல் எப்போது கோபிக்கும் என்று காற்றை வைத்தே சொல்லும் ஊரில் வளர்ந்ததால், கடற்பயணம் எனக்குப் பெரிய விஷயமில்லை என்று நினைத்திருந்தேன். ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்று, கணவரும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, சிங்கப்பூரில் கப்பல் ஏறி பாலி, டார்வின், பிரிஸ்பேன் வழியாக சிட்னி வரை தனியாகப் போய் வந்தேன். கடலைத் தெரிந்திருப்பது வேறு, கப்பலில் குடியிருப்பது வேறு என்று முதல் நாள் மாலையே புரிந்துவிட்டது.

எங்கள் கரையில் பெரிய கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. பாக் நீரிணையும் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் ஆழமில்லாதவை. பெரிய கப்பல் எல்லாம் இலங்கையைச் சுற்றித்தான் போகும். பாம்பன் தூக்குப்பாலத்தைத் தாண்டுவது மீன்பிடிப் படகுகளும் சிறு கப்பல்களும்தான். நம் பாட்டன்மார் கடல் கடந்தவர்கள்தான். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிய கதையும், பிறகு எம்.வி. சிதம்பரம் ஏறிய கதையும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கூட்டமாகப் போனார்கள். ஊர்க்காரர், உறவுக்காரர் என்று பக்கத்துப் பாய் எல்லாம் தெரிந்த முகம். இன்றைய உல்லாசக் கப்பலில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் நடுவே ஒற்றை ஆளாக ஏறுவது அதைப் போன்றதல்ல. திரும்பி வந்ததும் தங்கச்சிமடத்திலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் சிலர் விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: முதல் மூன்று நாள், ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் போய் உட்காருங்கள். ஊரில் டீக்கடை பெஞ்சில் தினம் காலை ஆறு மணிக்கு உட்காருகிறவரை நான்காம் நாள் யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை அல்லவா? கப்பலும் அப்படித்தான்.

கரையிலேயே முடிக்க வேண்டியவை

கடவுச்சீட்டு, பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம். விசா ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. கப்பலில்தானே இருக்கப்போகிறோம் என்று விட்டுவிடக் கூடாது. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். ஒரு விசா குறைந்தாலும் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுத்த பணமும் பெரும்பாலும் திரும்பாது.

கட்டணத்தில் தனி ஆளுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கேபின் விலையை இரண்டு பேர் கணக்கில்தான் போடுகிறார்கள். தனியாகப் போனால் இரண்டாம் ஆளின் பங்கையும் முழுதாகவோ பாதியாகவோ நம் தலையில் கட்டுவார்கள். சில கப்பல்களில் ஒற்றை ஆள் கேபினே உண்டு. 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் அப்படி 128 சிறு கேபின்களைக் கட்டி, அவர்களுக்கென்று தனிக் கூடமும் வைத்தார்கள். அதற்குப் பிறகு வேறு நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. இவை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே முதலில் இதை விசாரியுங்கள்.

கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது அணியம் என்கிற முன்முனையையும் அமரம் என்கிற பின்முனையையும் தவிருங்கள். வள்ளத்தில் போனவருக்குச் சொல்லவே வேண்டாம், அலை தூக்கிப்போடுவது முன்முனையில்தான். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்று கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. சன்னல் இல்லாத உள்கேபின் மலிவுதான். ஆனால் தனி ஆளுக்குப் பகல் வெளிச்சம் மருந்து மாதிரி. முடிந்தால் சன்னலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறவே வேண்டாம். கப்பலில் மருத்துவர் உண்டு, சிறு மருத்துவமனையும் உண்டு. ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கே நூறு டாலருக்கு மேல் ஆகலாம். கப்பலிலிருந்து இறக்கிக் கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் காப்பீடு ஏற்குமா என்று தாளில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பணத்துக்கு வெளிநாட்டில் செல்லும் கடன் அட்டை வேண்டும். ஏறும்போது உங்கள் கணக்கில் அதைப் பதிந்துகொள்வார்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால் செலவழிக்காத தொகையையும் சில நாள் முடக்கி வைப்பார்கள், அவசரத்துக்குக் கையில் காசு இருக்காது. ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை பல நிறுவனங்கள் தானாகவே கணக்கில் ஏற்றும். அதையும் முன்பே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்பது நம் வீட்டுக்காரர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கம்பிச்சுருள், மின் கெண்டி எல்லாவற்றையும் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். காமாட்சி விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி கூடாது. கப்பலில் தீ எதற்கும் இடமில்லை. சாமி படம் கொண்டுபோகலாம், கைகூப்பினால் போதும். கருவாடு, முண்டு மிளகாய் வத்தல், வீட்டு ஊறுகாய் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் விதையும் மீனும் இறைச்சியும் கரையேறுவதில் மிகக் கண்டிப்பு. சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம். கடையில் அடைத்து ஒட்டிய தொதல் இனிப்பு, பனங்கற்கண்டு மாதிரி ஒன்றிரண்டு பொட்டலம் எடுத்துக்கொண்டு, கப்பலிலேயே பகிர்ந்து முடித்துவிடுங்கள். அதன் பயன் மூன்றாம் நாள் தெரியும்.

இன்னும் மூன்று சின்னப் பொருள்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மாற்று பிளக் வேண்டும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் குவளை வேண்டும். சொல்லக் கூச்சம் என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் நான் சொல்கிறேன். கழுத்தில் மாட்டும் அட்டைக் கயிறும் ஒன்று வேண்டும்.

முதல் நாள்: ஏறும் வேளை

கப்பல் புறப்படும் நாளிலேயே அந்த ஊரில் போய் இறங்காதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. ஒரு நாள் முன்னதாகப் போய், நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். விமானம் பிந்தினால் கப்பல் நமக்காக நிற்காது.

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது மாலையோ இரவோதான் கேபின் வாசலுக்கு வரும். இங்கேதான் நான் தவறு செய்தேன். இரத்த அழுத்த மாத்திரையை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பெட்டி வந்தபோது இரவு ஒன்பது மணி. அதுவரை கேபினிலேயே, வாசலைப் பார்த்தபடி, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். தெரியாத இடத்தில் தனியாக இருக்கிற நேரத்தில் இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாகிவிடும் என்று அனுபவித்தால்தான் தெரியும். ஆகவே கைப்பையில் இருக்க வேண்டியவை: எல்லா மாத்திரையும், அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, மூக்குக் கண்ணாடி, கடவுச்சீட்டும் அதன் நகலும், ஒரு மாற்றுடை, கைபேசி சார்ஜர்.

ஏறியதும் ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள். கேபின் சாவியும் அதுதான், கடைக் கணக்கும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏறும் அடையாளமும் அதுதான். கேபினுக்குள் போய்ப் படுத்துவிடாமல் முதலில் கப்பலை ஒரு சுற்று நடங்கள். தளப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு இடத்தை மட்டும் கண்டுபிடியுங்கள்: சாப்பாட்டுக் கூடம், வரவேற்பு மேசை, மருத்துவமனை, திறந்த தளத்துக்குப் போகும் கதவு. அந்தக் கதவு கனமானது. காற்று அழுத்தும்போது விரலை நசுக்கிவிடும், இரண்டு கையாலும் பிடியுங்கள். குளியலறை வாசல்படி உயர்ந்திருக்கும், முதல் இரவு எல்லாரும் தடுக்குவது அங்கேதான்.

பாதுகாப்பு ஒத்திகை

இதைத் தவிர்க்க வழியில்லை, தவிர்க்கவும் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியிருந்த பலருக்கு ஒத்திகை அதுவரை நடந்திருக்கவில்லை. அப்போது இருந்த விதிப்படி ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அதன் பிறகு விதியை மாற்றினார்கள். இப்போது கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும்.

அபாய ஒலி, ஏழு குறுகிய சங்கும் தொடர்ந்து ஒரு நீண்ட சங்கும். உங்கள் கூடுமிடத்தின் எழுத்தோ எண்ணோ அட்டையிலும் கேபின் கதவின் பின்னாலும் இருக்கும். சில கப்பல்களில் கைபேசியில் படம் பார்த்துவிட்டுக் கூடுமிடத்தில் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. அப்படி இருந்தாலும் கேபினிலிருந்து கூடுமிடம் வரை படிக்கட்டு வழியாக ஒரு முறை நடந்து பாருங்கள். அவசரத்தில் மின்தூக்கி ஓடாது. இரண்டு பேராகப் போகிறவர்களில் ஒருவருக்கு மறந்தால் இன்னொருவருக்கு நினைவிருக்கும். நமக்கு அந்த இன்னொருவர் இல்லை, அதனால் கால் பழகியிருக்க வேண்டும்.

முதல் இரவுச் சாப்பாடு

பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேட்பார்கள். குறித்த நேரச் சாப்பாடா, விரும்பிய நேரமா? தனி மேசையா, பகிர்வு மேசையா? குறித்த நேரம், பகிர்வு மேசை என்று சொல்லுங்கள். விரும்பிய நேரம் என்பது கேட்க வசதியாக இருக்கும், ஆனால் தினமும் புது முகம், தினமும் முதலிலிருந்து அறிமுகம். ஆறு எட்டு பேர் உள்ள மேசையில் தினம் அதே ஆட்களோடு உட்கார்ந்தால் மூன்றாம் நாள் பேச்சு தானாக வரும்.

முதல் இரவு நான் போகவில்லை என்று சொன்னேனே, அதன் விலை மறுநாள் தெரிந்தது. மற்ற ஏழு பேருக்கும் பெயர் பழகிவிட்டது, நான் மட்டும் புதிது. உடம்புக்கு முடியாவிட்டாலும் பத்து நிமிடம் போய் உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, சூப்பைக் குடித்துவிட்டு வாருங்கள்.

உணவு விஷயத்தை அன்றைக்கே தலைமைப் பரிசாரகரிடம் சொல்லிவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாறு, சிப்பிச் சாறு ஊற்றிய காய்கறியையும் சைவம் என்றே வைத்துவிடுவார்கள். ஹலால் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏறியதும் மறுபடி நினைவூட்டுங்கள். இனிப்புகளில் ஜெலட்டின் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் மறுநாள் சாப்பாட்டு அட்டையை முந்தின இரவே கொண்டுவந்து காட்டிக் குறித்துக்கொள்கிற கப்பல்கள் பல உண்டு. சோறும் ஏதோ ஒரு குழம்பும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரும்பாலும் கிடைக்கும். புளிப்பும் காரமும்தான் இருக்காது. மேசையில் மது வைத்தால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும், யாரும் வற்புறுத்துவதில்லை.

இரண்டாம் நாள்: கடல் மட்டும்

காலையில் எழுந்தால் கரை இருக்காது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு தீவோ பாலமோ கலங்கரை விளக்கமோ கண்ணில் படும். இங்கே நாலு புறமும் ஒரே கோடு. எனக்கு நெஞ்சு அடைத்தது, மறைக்க ஒன்றுமில்லை. தனியாகப் போகிற பலருக்கு இந்தக் காலைதான் கடினம். திரும்பிப் போக வழியே இல்லையே என்ற நினைப்பு வரும். அப்போது கேபினுக்குள் போகாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. இரவே கதவிடுக்கில் அன்றைய நிகழ்ச்சித் தாள் வந்திருக்கும், சில கப்பலில் கைபேசியில் வரும். அதில் மூன்றை மட்டும் குறியுங்கள். ஒன்று, தனிப் பயணிகள் சந்திப்பு. நீண்ட பயணங்களில் பெரும்பாலும் முதல் கடல் நாளிலேயே வைப்பார்கள். இரண்டு, கையால் ஏதாவது செய்யும் வகுப்பு: பின்னல், ஓவியம், சீட்டு, நடனம், எதுவானாலும் சரி. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும், ஆங்கிலம் தடுமாறினாலும் யாரும் கவனிப்பதில்லை. மூன்று, நடை. திறந்த தளத்தில் காலை ஏழு மணிக்கு நடக்கிறவர்கள் ஒரு சிறு கூட்டம், தினம் அதே முகங்கள்தான்.

சில கப்பல்களில் பயணிகளே துணி துவைக்கும் அறை இருக்கும். இருந்தால் விடாதீர்கள். எனக்கு நெருங்கிய சிநேகம் கிடைத்தது அங்கேதான். இயந்திரம் ஓடி முடிய நாற்பது நிமிடம், எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒருத்தி என் சேலையை எப்படி மடிப்பது என்று கேட்டாள். ஆறு கஜத்தையும் விரித்து இரண்டு பேரும் இரு முனையைப் பிடித்து மடித்தோம். பயணம் முடியும்வரை செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்குத் துவைக்கும் நாள்.

தலைசுற்றலும் குமட்டலும் வந்தால்: மாத்திரை, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டால்தான் வேலை செய்யும், வாந்தி வந்தபின் போட்டுப் பலன் குறைவு. நம் மருந்துக்கடையில் கிடைக்கும் அவோமின் தூக்கம் வரவழைக்கும். வேறு மருந்து சாப்பிடுகிறவர் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். இஞ்சி, உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள் உதவும். கைபேசியை வைத்துவிட்டு நடுத் தளத்தில் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். பெரிய கப்பலுக்கு இருபுறமும் மீன் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு, ஆட்டத்தை நன்றாகவே குறைத்துவிடும்.

கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குச் சாராயச் சானிடைசர் அவ்வளவாக மசியாது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பெரும்பாலும் கடல் நீரை உப்பு நீக்கித் தருவதுதான்.

கைபேசியை விமான நிலையில் வைத்துவிட்டு, கப்பலின் வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். மறந்தால் கடலுக்கு மேலுள்ள வலையமைப்பு தானாகப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கட்டணம் ஏறும். பிள்ளைகளிடம் ஒரு நேரம் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. கப்பலில் இரவு ஒன்பது என்றால் பாம்பனில் மாலை ஆறரை. டார்வின் போவதற்குள் கடிகாரத்தை இன்னும் ஒன்றரை மணி முன்னே தள்ள வேண்டும், எப்போது தள்ளுவது என்று நிகழ்ச்சித் தாளில் வரும்.

சிங்கப்பூரிலிருந்து தெற்கே போனால் முதல் இரவிலோ மறுநாளோ பூமத்திய ரேகையைத் தாண்டிவிடும். கடலரசன் வேடம் போட்டுக் கூத்து நடக்கும், போய்ப் பாருங்கள். என் மனம் நின்றது வேறு இடத்தில். பாம்பனில் வடக்கே பார்த்துக் கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் ஏறத்தாழ ஒரு முட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் நிற்கும். அப்பா அதைப் பார்த்துத்தான் இரவில் வலை போட்டுத் திரும்புவார். இரண்டாம் இரவு தேடினேன், அது கடலுக்குள் போய்விட்டிருந்தது. இரவில் ஒரு முறையாவது விளக்கில்லாத தளத்துக்கு வாருங்கள்.

மூன்றாம் நாள்

இன்றைக்குத்தான் தொதல் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். நான் மேசைக்கு எடுத்துப் போய் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன், கூடவே கைபேசியில் பாம்பன் பாலத்தின் படத்தையும் காட்டினேன். 1914-இல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதியது, படகு வரும்போது 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே ஏறுவது. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். அன்றிலிருந்து என் பெயரை உச்சரிக்க முடியாத அந்த மேசைக்கு நான் ‘பாம்பன்’. உங்கள் ஊரைப் பற்றி இப்படி ஒரு படமும் நாலு வரியும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளுக்கு எச்சரிக்கையும் வேண்டும். கேபின் எண்ணைப் புதியவரிடம் சொல்லாதீர்கள், பொது இடத்தில்தான் சந்திப்பு. தனியாக வந்திருக்கிறேன் என்று உங்கள் கேபினைக் கவனிக்கும் உதவியாளரிடம் மட்டும் சொல்லிவையுங்கள். கதவு திறக்காமல் கிடந்தால் முதலில் கேட்பவர் அவர்தான். மேசைக்காரர்களிடமும், “நாளைக்கு வராவிட்டால் விசாரியுங்கள்” என்று சொல்லலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நான்காம் நாள்: முதல் துறைமுகம்

கரையில் இறங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, கடவுச்சீட்டு நகல், கொஞ்சம் டாலர், அன்றைய நிகழ்ச்சித் தாள். அந்தத் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். கப்பல் போய்விட்டால் அவர்தான் கதி. திரும்பி ஏற வேண்டிய நேரம், புறப்படும் நேரத்துக்கு அரைமணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் பிந்தினாலும் காத்திருப்பார்கள், நீங்களாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். முதல் துறைமுகத்துக்காவது கப்பலின் சுற்றுலாவோ, மேசையில் இருக்கும் இரண்டு பேரோடு சேர்ந்து வாடகை வண்டியோ நல்லது. சில ஊர்களில் கப்பல் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் கரை சேர்ப்பார்கள். அதில் ஏறும்போது ஊழியர் கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். வள்ளத்தில் ஏறிப் பழகிய எங்களுக்குத்தான் அந்த வீம்பு வரும், கால் வழுக்குவதும் எங்களுக்குத்தான்.

பாலியில் நான் இறங்கிச் சுற்றிவிட்டு ஏறியபோது கால் கெஞ்சியது. குளித்து உடை மாற்றி மேசைக்குப் போகப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முன்னாலும் சூப் இல்லை. பரிசாரகரிடம் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்களாம், பாம்பன் வரட்டும் என்று.